அப்பா தொழில்னு ஒரு கட்டம்

ஸ்கூல்ல வருஷா வருஷம் ஒரு ஃபார்ம் குடுப்பாங்க. பேரு, பொறந்த தேதி, அட்ரஸ், அதுக்கு கீழ அப்பா தொழில்னு ஒரு கட்டம். மத்த பசங்க அத வீட்டுக்கு எடுத்துட்டு போயி அப்பா அம்மா கையால நிரப்பி வாங்கிட்டு வருவாங்க, எங்க வீட்டுல அத நிரப்புற ஆளே நான்தான், ஏன்னா நாங்க போய் சேந்த நாட்டோட மொழிய தப்பில்லாம எழுதத் தெரிஞ்ச ஒரே ஆள் அந்த வீட்டுல நான் ஒருத்திதான். எட்டு வயசுல என்னோட ஃபார்ம நானே நிரப்பி அப்பா முன்னாடி நீட்டுவேன், அவரு என்ன ஏதுன்னு படிக்க மாட்டாரு, "கையெழுத்து எங்கம்மா?"ன்னு மட்டும் கேப்பாரு.

அந்த கட்டத்துல நான் "பேக்கிங்"னு எழுதுவேன். பொய் இல்ல. ஒரு பெரிய கிடங்குல நைட் ஷிஃப்ட், அட்டைப்பெட்டி மடக்கி டேப் ஒட்டி அடுக்குற வேலை. ஆனா அப்பா அதுக்கு முன்னாடி 11 வருஷம் ஒரு கம்பெனில கணக்கு பாத்தவரு. அதுக்கு ஃபார்ம்ல கட்டம் இல்ல. "முன்னாடி என்னவா இருந்தாரு"ன்னு ஒரு கட்டம் இருந்திருந்தா இந்த போஸ்டே எழுதிருக்க மாட்டேனோ என்னவோ.

ஞாயித்துக்கிழமை காலைல அவரு ஒரு நீள நோட்ட எடுத்து விரிச்சு உக்காருவாரு. வீட்டுக் கணக்குதான், வாடகை, கரண்ட் பில், எங்களுக்கு வாங்குன ஷூ, ஆனா எழுதுற விதம் ஒரு கம்பெனிக்கு எழுதுற மாதிரி, பற்று ஒரு பக்கம் வரவு ஒரு பக்கம், ஒவ்வொண்ணும் ரெண்டு இடத்துல பதிவாகும், கடைசில ரெண்டு பக்கமும் டேலி ஆகணும். சில்லறைக் காசு இடிச்சாகூட விட மாட்டாரு, ஒரு மணி நேரம் தேடுவாரு. வாரம் பூரா தூங்காத மனுஷன் தூங்கப் போகாம எதுக்கு இந்த வெட்டி வேலைன்னு அம்மா திட்டுவாங்க. நான் பக்கத்துல உக்காந்து வேடிக்கை பாப்பேன். மைனஸ் நம்பர் என்னன்னு ஸ்கூல்ல சொல்லிக் குடுக்கறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே எனக்கு தெரியும், கடன்னா என்னன்னு தெரிஞ்ச வீட்டுல மைனஸ் நம்பர் ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல.

இதெல்லாம் இப்ப எதுக்குன்னா, போன மாசம் எங்க சொந்தக்காரங்க குரூப்ல ஒரு ஃபார்வர்ட் வந்துச்சு. கைல ஒண்ணுமில்லாம வெளிநாடு போனவங்க பிள்ளைங்கல்லாம் டாக்டர் இஞ்சினியர், அங்கயே பரம்பரை பரம்பரையா இருக்கற ஏழைப் பிள்ளைங்க அப்படியே கிடக்குதுங்க, காரணம் நம்ம உழைப்பு நம்ம ஒழுக்கம் நம்ம ரத்தம்னு. கீழ முப்பது பேரு கைதட்டல். ரத்தம்னு படிச்ச உடனே எனக்கு எரிச்சல் வந்துருச்சு. அதே ரத்தம்தான என் அண்ணனுக்கும். அவன் கதைக்கு அப்புறம் வரேன்.

மொதல்ல, அந்த ஃபார்வர்ட்ல பாதி உண்மை இருக்கு, அத மறைக்க வேணாம். குடியேறினவங்க பிள்ளைங்க நிஜமாவே மேல வராங்க. இத பெரிய அளவுல நோண்டிப் பாத்தவங்க ரான் அப்ரமிட்ஸ்கி, லியா பூஸ்தான்னு ரெண்டு பொருளாதார ஆராய்ச்சியாளர்கள், எலீசா ஹாகோமே, சாண்டியாகோ பெரஸ்னு இன்னும் ரெண்டு பேர சேத்துக்கிட்டு 2021ல ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. அமெரிக்காவோட பழைய சென்சஸ் பதிவுகள்ல 1880ல ஒரு வீட்டுல சின்னப் பையனா இருந்தவன 1910 சென்சஸ்ல பெரிய ஆளா தேடிக் கண்டுபிடிக்கறது, 1910ல பையனா இருந்தவன 1940ல தேடறது, இப்படி லட்சக்கணக்குல அப்பன் மகன் ஜோடிங்கள கோத்து, அதோட 1980 வாக்குல பொறந்த இந்தக் காலத்து பிள்ளைங்க விவரத்தையும் பக்கத்துல வெச்சு பாத்தாங்க. (பழைய பதிவுகள்ல மகன்கள் மட்டும்தான், ஏன்னா பொண்ணுங்களுக்கு கல்யாணம் ஆனா பேரு மாறிடும், தேடினா கிடைக்க மாட்டாங்க. நூறு வருஷத்து பொம்பளைங்க கணக்குல இருந்தே காணாம போயிட்டாங்க, அத தனியா ஒரு நாள் எழுதணும்.)

நூறு குடும்பத்த வருமானப்படி வரிசையா நிக்க வெச்சு கீழருந்து எண்ணினா 25ஆவதா நிக்கற குடும்பத்த எடுத்துக்கங்க. அந்த அளவு சம்பளத்துல ரெண்டு வீடுன்னு வெச்சுக்கங்க, ஒண்ணு அந்த நாட்டுலயே பொறந்தவரு வீடு, இன்னொண்ணு வெளியிலருந்து வந்தவரு வீடு, ரெண்டு அப்பாவுக்கும் சம்பளம் ஒண்ணுதான். பிள்ளைங்க வளந்து சம்பாதிக்க ஆரம்பிச்சப்புறம் பாத்தா வந்தவரு வீட்டுப் பிள்ளை வரிசைல சில இடம் முன்னாடி நிக்குது. ஒரு நாட்டுக்காரங்களுக்கு மட்டும் இல்ல, கிட்டத்தட்ட எல்லா நாட்டுலருந்து வந்தவங்களுக்கும். அதுவும் இன்னைக்கு மட்டும் இல்ல, நூறு வருஷத்துக்கு முன்னாடியும் இதே கதைதான். அன்னைக்கு வந்தது அயர்லாந்துக்காரங்க, இத்தாலிக்காரங்க, இன்னைக்கு வர்றது மெக்சிகோவுலருந்தும் சீனாவுலருந்தும் இந்தியாவுலருந்தும். அப்ப "நம்ம ரத்தம்"ங்கற பேச்சு அங்கயே படுத்துருச்சு, ஏன்னா இத்தனை நாட்டு ரத்தமும் ஒரே மாதிரி வேலை செய்யுதுன்னா அது ரத்தம் செய்யற வேலை இல்ல.

பின்ன என்னன்னு கேட்டா அவங்க ரெண்டு விஷயம் சொல்றாங்க. ஒண்ணு, எந்த ஊர்ல போய் இறங்கினாங்கங்கறது. ஏற்கனவே பொறந்த ஊர விட்டு கிளம்பினவங்களுக்கு எந்த ஊருல வேலை இருக்கோ அங்க போறதுல தயக்கம் இல்ல, பாட்டி வீடு பக்கத்துல இருக்கு, தோட்டம் இருக்குன்னு எதுவும் காலக் கட்டிப் போடாது. அந்தக் காலத்துல குடியேறினவங்கள்ல ரொம்பப் பேரு பருத்தி விவசாயத்த நம்பியிருந்த தெற்கு மாநிலங்கள் பக்கமே போகல, தொழிற்சாலை இருந்த வடக்கு நகரங்களுக்குத்தான் போனாங்க, அந்த ஊர்கள்ல வளந்தா யாரு பிள்ளையா இருந்தாலும் மேல வர வாய்ப்பு அதிகம். உள்நாட்டுக்காரங்கள்லயே சொந்த மாநிலத்த விட்டு வேற மாநிலம் போன குடும்பங்களோட பிள்ளைங்கள எடுத்து ஒப்பிட்டா அந்த வித்தியாசம் பெருசா சுருங்கிடுதாம். அதாவது குடியேறினவங்க பிள்ளைங்கிறத விட, கிளம்பினவங்க பிள்ளைங்கிறதுதான் விஷயம்.

ரெண்டாவது விஷயத்த படிச்சப்ப நான் லேப்டாப்ப மூடி வெச்சுட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்துட்டேன். வந்தவங்க தலைமுறை தங்களோட திறமைக்கு கிடைக்க வேண்டிய சம்பளத்துக்கு கீழதான் வாங்குது. மொழி தெரியல, படிச்ச பட்டத்துக்கு மதிப்பில்ல, ஆள் தெரியாது. அதனால அந்த வரிசைல 25ஆவது இடத்துல நிக்கறவரு உண்மையில 25ஆவது இடத்து ஆளே இல்ல. அவரோட சம்பளம் அங்க நிக்குது, அவரு அங்க இல்ல. பிள்ளைக்கு அந்த மொழித் தடை கிடையாது, அது நேரா வீட்டோட உண்மையான இடத்துக்கு போயிடுது, வெளியிலருந்து பாக்கறவங்களுக்கு அது பெரிய தாவலா தெரியுது.

பேக்கிங். நான் அந்த கட்டத்துல பத்து வருஷம் எழுதினது பேக்கிங். அத வெச்சு யாரோ ஒரு அதிகாரி என்ன ஏதோ ஒரு பட்டியல்ல "பின்தங்கிய சூழல்"னு சேத்திருப்பாரு. அந்த பட்டியல் தப்புன்னு சொல்ல வரல, காசு இல்லங்கறது நிஜம், ரெண்டு வருஷம் நாங்க நாலு பேரும் ஒரே ரூம்லதான் தூங்கினோம், குளிர்ல ஹீட்டர் போட யோசிச்ச வீடு. ஆனா காசு இல்லாத வீடுங்கறதும் ஒண்ணுமே இல்லாத வீடுங்கறதும் ஒண்ணு இல்ல, அந்த ஃபார்முக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

அப்பா தன் படிப்ப அங்க அங்கீகாரம் பண்ண ஒரு தடவை முயற்சி பண்ணாரு. மறுபடி பரீட்சை எழுதணும், மொழித் தேர்வு தனி, அதுக்கெல்லாம் கட்ட வேண்டிய பணம் தனி, எல்லாம் முடிய மூணு நாலு வருஷம் ஆகும்னாங்க. அந்த மூணு நாலு வருஷம் வீட்ட யாரு பாக்கறது. போன வேகத்துலயே திரும்பி வந்து பேப்பர மடிச்சு அந்த நீள நோட்டுக்குள்ள வெச்சாரு, அப்புறம் அதப் பத்தி பேசவே இல்ல.

இப்ப அண்ணன். நாங்க போனப்ப எனக்கு 5 வயசு, அவனுக்கு 14. ரூபன் ரும்பாவுத்னு ஒரு சமூகவியலாளர், க்யூபாவுல பொறந்து சின்ன வயசுல அமெரிக்கா போனவரு, அவருதான் இந்த ஒன்றரைத் தலைமுறைங்கற பேச்ச கொண்டு வந்தவரு. அங்கயே பொறந்தா ரெண்டாம் தலைமுறை, பெரியவங்களா வந்தா மொதல் தலைமுறை, நடுவுல வந்த பிள்ளைங்களுக்கு தசமத்துல கணக்கு. 5 வயசுக்குள்ள வந்தா 1.75, 6லருந்து 12க்குள்ள வந்தா 1.5, 13லருந்து 17க்குள்ள வந்தா 1.25. ஒரே வீடு, ஒரே அப்பா அம்மா, ஒரே விமானத்துல வந்தோம், நான் 1.75 அவன் 1.25. அந்த அரைத் தலைமுறைல எங்க ரெண்டு பேரு வாழ்க்கையும் பிரிஞ்சுருச்சு.

எனக்கு அந்த மொழி காத்துல வர்ற மாதிரி வந்துருச்சு. அவனுக்கு வரல. ஊர்ல கிளாஸ்ல மொத மூணு ரேங்க்குக்குள்ள இருந்தவன், இங்க வந்து பக்கத்துல இருக்கறவன் என்ன சொல்லி சிரிக்கறான்னு புரியாம உக்காந்திருந்தான். அவன மெதுவா படிக்கற பசங்க கிளாஸ்ல போட்டாங்க. கணக்கு அவனுக்கு தெரியும், ஆனா கேள்விய படிக்கத் தெரியல, அத பிரிச்சுப் பாக்க அந்த ஸ்கூல்ல யாருக்கும் நேரமில்ல. ராஜ் செட்டி, நாதானியேல் ஹென்ட்ரன்னு ரெண்டு பொருளாதார ஆராய்ச்சியாளர்கள் அமெரிக்காவுக்குள்ளயே ஊர் மாறின 70 லட்சம் குடும்பங்களுக்கு மேல வரிப் பதிவ வெச்சு ஒண்ணு கண்டுபிடிச்சு 2018ல எழுதினாங்க. நல்ல ஊருக்கு போற பிள்ளைக்கு எவ்வளவு நன்மைங்கறது எத்தனை வருஷம் அங்க வளருதுங்கறதப் பொறுத்து, ஒவ்வொரு வருஷத்துக்கும் அந்த ஊர்ப் பிள்ளைங்க நிலைய சுமாரா 4 சதவீதம் நெருங்குது. சின்னதா போனா முழு வட்டி, லேட்டா போனா வட்டி கம்மி. (செட்டியே டெல்லில பொறந்து 9 வயசுல அமெரிக்கா போனவரு. ரும்பாவுத் கணக்குப்படி 1.5.) இத படிச்சப்ப எனக்கு நம்பர்லாம் மறந்துருச்சு, எங்க அண்ணன் சாப்பாட்டு இடைவேளைல தனியா உக்காந்திருந்தான்னு அம்மா கிட்ட சொல்லாதன்னு என்கிட்ட சொன்னதுதான் ஞாபகம் வந்துச்சு.

16 வயசுல படிப்ப விட்டுட்டு அவன் அப்பா வேலை பாத்த எடத்துலயே சேந்தான். அந்த சம்பளம் வந்தப்புறம்தான் நாங்க ரெண்டு ரூம் வீட்டுக்கு மாறினோம், எனக்கு படிக்க ஒரு மேசை வந்துச்சு, நான் லீவுல வேலைக்கு போகத் தேவையில்லாம போச்சு. ஃபார்வர்ட்ல வர்ற "ஜெயிச்ச பிள்ளை" நான். அந்த மேசைய யாரு வாங்குனதுன்னு ஃபார்வர்ட்ல வராது.

இன்னொண்ணு, வெளியில அதிகம் பேசப்படாதது, இந்த பிள்ளைங்க செய்யற வேலை. வேலைன்னே சொல்றேன், ஏன்னா அது வேலைதான். வீட்டுக்கு வர்ற எல்லா லெட்டரும் மொதல்ல என் கைக்கு வரும். கரண்ட் ஆபீஸ் லெட்டர், வாடகை ஒப்பந்தம், குடியுரிமை ஆபீஸ் லெட்டர் (அது வந்தா மட்டும் அப்பா நின்னுக்கிட்டே கேப்பாரு). ஃபோன்ல நான் அம்மாவா மாறிடுவேன், குரல கொஞ்சம் தடிமனாக்கி, பொறந்த தேதி கேட்டா அம்மாவோடத சொல்லி, ரெண்டு நாள்ல கட்டிடறோம் சார்னு. ஒரு தடவை அந்தப் பக்கம் இருந்த பொம்பள "உங்க குரல் சின்னப் பொண்ணு மாதிரியே இருக்கு"ன்னாங்க, நான் நன்றின்னேன். இன்னைக்கும் வீட்டுல அதச் சொல்லி சிரிப்போம்.

சிரிக்க முடியாததும் இருக்கு. பத்து வயசுல அம்மாவோட ஆஸ்பத்திரிக்கு போனேன். டாக்டர் என்னப் பாத்து பேசறாரு, நான் அம்மாவுக்கு சொல்லணும். கட்டி ஒண்ணு இருக்கு, அதுலருந்து கொஞ்சம் எடுத்து டெஸ்ட் பண்ணணும், மோசமானதா இருக்கவும் வாய்ப்பு இருக்குன்னு அவரு சொன்னாரு. பயாப்சிங்கற வார்த்தை எனக்கு தெரியாது, ஆனா அவரு முகத்த படிக்கத் தெரிஞ்சுது. அம்மா என்ன சொல்றாருன்னு கேட்டாங்க. "சும்மா ஒரு டெஸ்ட்டும்மா, எல்லாருக்கும் பண்றதுதானாம்"னு சொன்னேன். ரெண்டு வாரம் கழிச்சு ஒண்ணுமில்லன்னு ரிசல்ட் வந்துச்சு, அந்த ரெண்டு வாரமும் அந்த வீட்டுல அது என்னன்னு தெரிஞ்ச ஒரே ஆள் நான். அம்மாவுக்கு இத நான் சொன்னது என் கல்யாணத்துக்கு அப்புறம்தான். அவங்க ஒண்ணும் சொல்லல, என் தலைய தடவிட்டு எந்திரிச்சு உள்ள போயிட்டாங்க.

ரும்பாவுத்தும் அலெஹாந்த்ரோ போர்ட்டஸ்ங்கற இன்னொரு சமூகவியலாளரும் 1992லருந்து அமெரிக்காவுல மயாமி பக்கத்துலயும் சான் டியகோவுலயும் குடியேறினவங்க பிள்ளைங்க 5,000 பேருக்கு மேல பல வருஷம் பின்தொடர்ந்து கேட்டுக்கிட்டே போனாங்க. அதுல அவங்க கவலப்பட்டது இதத்தான். பிள்ளை புது மொழில ஓடிடுது, அப்பா அம்மா பின்னாடி தங்கிடறாங்க, பிள்ளை பழைய மொழியவும் விட்டுடுச்சுன்னா வீட்டுல யாரு பெரியவங்கங்கறதே தலைகீழா போயிடும், கண்டிக்கக்கூட பெத்தவங்களுக்கு வார்த்தை இருக்காது. ரெண்டு மொழியையும் கையில வெச்சிருந்த பிள்ளைங்க படிப்புலயும் சரி வீட்டோட ஒட்டுதல்லயும் சரி நல்லா இருந்தாங்க. எங்க வீட்டுல நான் தமிழ விடாததுக்கு காரணம் மொழிப்பற்றெல்லாம் இல்லங்க, அப்பா அம்மாவோட லெட்டர படிச்சு சொல்ல தமிழ் வேணும், அவ்ளோதான். குடும்பத்துக்கு நான் தேவைப்பட்டேன், அதனால மொழி தங்குச்சு. ஒரு பிள்ளைக்கு தன்னால வீடு நடக்குதுன்னு தெரிஞ்சா அது வேற மாதிரி வளரும். நல்லதா கெட்டதான்னு கேட்டா, ரெண்டும்தான். எந்த ஆபீஸ்லயும் எந்த ஃபார்மப் பாத்தும் எனக்கு பயம் வராது. அதே சமயம் யாராவது "நான் பாத்துக்கறேன், நீ உக்காரு"ன்னு சொன்னா எனக்கு உக்காரத் தெரியாது, முப்பத்தஞ்சு வயசுல இன்னும் பழகிட்டு இருக்கேன்.

உழைப்பே இல்லன்னு நான் சொல்றதா நினைச்சுக்காதீங்க. 2014ல எமி ஷின், யூ ஷியேன்னு ரெண்டு சமூகவியலாளர்கள் அமெரிக்காவுல ஆசிய வம்சாவளிப் பிள்ளைங்க வெள்ளைக்காரப் பிள்ளைங்கள விட படிப்புல ஏன் முன்னாடி இருக்காங்கன்னு பாத்தாங்க. மூளை வித்தியாசம் காரணம் இல்ல, போடற முயற்சிதான் காரணம்னு வந்துச்சு. பின்ன உழைப்புதானேன்னு குரூப்ல குதிப்பாங்க. அதே ஆராய்ச்சில கீழ இன்னொண்ணும் இருக்கு, அந்த ஆசியப் பிள்ளைங்களுக்கு தன் மேலயே மதிப்பு கம்மியா இருக்கு, அப்பா அம்மாவோட சண்டை அதிகமா இருக்கு. அந்தப் பகுதிய யாரும் ஃபார்வர்ட் பண்ண மாட்டாங்க. தொண்ணூத்தி ரெண்டு மார்க் வாங்கிட்டு வீட்டுக்கு போக பயந்து பஸ் ஸ்டாப்ல அரை மணி நேரம் உக்காந்தவ நான். அப்பா ஒரு வார்த்தை திட்டினதில்ல. திட்டாதது தான் பிரச்சனையே, நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்து செவந்த கண்ணோட மார்க் ஷீட்ட வாங்கி பாத்துட்டு "சரிம்மா"ன்னு போவாரு, அந்த சரிம்மாவுக்கு திட்டே மேல்.

யாரு ஜெயிச்சாங்கன்னு சொல்றதுலயும் ஒரு கோளாறு இருக்கு. ஜெனிஃபர் லீ, மின் ஜோன்னு ரெண்டு சமூகவியலாளர்கள் லாஸ் ஏஞ்சலஸ்ல சீன, வியட்நாம், மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைங்கள வெச்சு இதப் பாத்தாங்க. சீனாவுலருந்து அமெரிக்கா போறவங்கள்ல பட்டதாரிங்க விகிதம் சீனாவுல இருக்கறத விட பல மடங்கு அதிகம், அதாவது வடிகட்டி அனுப்பின மாதிரி. படிச்சவங்க கூட்டம் நிறைய இருந்தா அவங்க டியூஷன் சென்டர் நடத்துவாங்க, எந்த ஸ்கூல் நல்லதுன்னு ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்குவாங்க, அந்த கூட்டத்துல இருக்கற படிக்காத ஏழையோட பிள்ளைக்கும் அது கிடைக்கும். மெக்சிகோலருந்து வந்தவங்களுக்கு அந்த வசதி இல்ல. கடைசில நிக்கற எடத்த வெச்சு பாத்தா சீனப் பிள்ளைங்க எங்கயோ இருக்காங்க. ஆனா எங்கருந்து ஆரம்பிச்சாங்கங்கறத வெச்சு அளந்தா, அப்பா அம்மாவ விட ரெண்டு மடங்குக்கு மேல காலேஜ் முடிச்சது மெக்சிகோ பிள்ளைங்கதான், அதிக தூரம் நடந்தது அவங்க. அவங்களப் பத்தி யாரும் கைதட்டி ஃபார்வர்ட் போடறதில்ல.

கதவ யாராவது திறக்கணும்ங்கறதும் இருக்கு. கொரோனா தடுப்பூசி ஒண்ண கண்டுபிடிச்ச பயோஎன்டெக் கம்பெனிய 2008ல ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர் ஊர் சாஹின். துருக்கில பொறந்து 4 வயசுல ஜெர்மனி போனவரு, அப்பா கொலோன் நகரத்துல ஃபோர்டு தொழிற்சாலைல வேலை பாத்தவரு. துருக்கியும் ஜெர்மனியும் 1961ல போட்ட ஒப்பந்தத்துக்கு அப்புறம் அப்படி லட்சக்கணக்கானவங்க போனாங்க. ஜெர்மனில பெரும்பாலான எடத்துல நாலாங்கிளாஸ் முடியும்போதே, பத்து வயசுலயே, இந்தப் பிள்ளை யுனிவர்சிட்டி பக்கம் போற ஸ்கூலுக்கா இல்ல சீக்கிரம் வேலைக்கு அனுப்பற ஸ்கூலுக்கான்னு பிரிச்சுடுவாங்க. சாஹினுக்கு அவரோட டீச்சர் சொன்னது கீழ் நிலை ஸ்கூல். பக்கத்து வீட்டு ஜெர்மன்காரர் ஒருத்தர் போய் பேசித்தான் அந்த முடிவு மாறுச்சு. பத்து வயசுப் பையனுக்கு மூளை இருந்துச்சு, உழைப்பு இருந்துச்சு, அப்பாவும் இருந்தாரு, ஆனா எங்க போய் யாருகிட்ட என்ன பேசணும்னு தெரிஞ்ச ஒரு ஆளும் தேவைப்பட்டுச்சு. இது நடக்காத எத்தனை பசங்க அந்த தெருவுல இருந்திருப்பாங்கன்னுதான் எனக்கு தோணும். அண்ணனுக்கு அப்படி ஒரு பக்கத்து வீடு இல்ல. எனக்கு லைப்ரரில ஒரு அம்மா இருந்தாங்க, மூடற நேரம் தாண்டியும் என்ன உக்கார விடுவாங்க, லைட்ட மட்டும் பாதி அணைப்பாங்க.

சட்டமும் கதவுதான். அமெரிக்காவுல டெக்சாஸ் மாநிலம் 1975ல ஒரு சட்டம் போட்டுச்சு, குடியேற்ற பேப்பர் இல்லாத பிள்ளைங்களுக்கு ஸ்கூல்ல காசு கேக்கலாம், இல்ல சேத்துக்காமலும் விடலாம்னு. டைலர்னு ஒரு ஊர்ல பிள்ளைக்கு வருஷம் 1,000 டாலர்னாங்க, கூலி வேலை செய்யறவங்க கிட்ட. நாலு குடும்பம் கேஸ் போட்டுச்சு. கோர்ட்டுக்கு வர்றப்ப அவங்க கார்ல வீட்டு சாமான் எல்லாத்தையும் ஏத்திக்கிட்டு வந்தாங்களாம், அங்கயே பிடிச்சு நாட்ட விட்டு அனுப்பிட்டாலும் தயாரா இருக்கணும்னு. 1982ல உச்ச நீதிமன்றம் 5க்கு 4ன்னு தீர்ப்பு குடுத்துச்சு, பிள்ளைங்கள தடுக்கக் கூடாதுன்னு. ஒரே ஒரு நீதிபதி அந்தப் பக்கம் சாஞ்சிருந்தா அத்தனை பிள்ளைங்களும் எந்த ரத்தத்த வெச்சு ஜெயிச்சிருக்கும்?

எனக்கு இந்த பேச்சுல ரொம்ப வலிக்கறது அந்த "அவங்களால முடியுதே, உங்களால ஏன் முடியல"ங்கறதுதான். என் பேர எடுத்து இன்னொருத்தன அடிக்க பயன்படுத்தறாங்க. நான் வளந்த தெருவுலயே நாலு தலைமுறையா அங்கயே இருந்த ஏழை வீட்டுப் பிள்ளைங்க என்னோட படிச்சாங்க. அவங்க அப்பாவுக்கும் எங்க அப்பாவுக்கும் ஒரே சம்பளம். ஆனா அவங்க அப்பாவுக்கு அதுதான் அவரோட வாழ்நாள் உயரம்னு ஊரே சொல்லி வெச்சிருந்துச்சு, அவங்க தாத்தாவுக்கும் அதத்தான் சொல்லிருந்துச்சு. எங்க அப்பாவுக்கு இது இடையில வந்த ஒரு சறுக்கல், அவரு அப்படித்தான் நடந்துக்கிட்டாரு, ஞாயித்துக்கிழமை நோட்ட விரிச்சப்பல்லாம் அவரு திரும்ப கணக்கு ஆபீசர்தான். அந்த நினைப்போட இருந்த ஆள் வீட்டுல வளர்றதும், இல்லாத வீட்டுல வளர்றதும் சமமான ஓட்டப்பந்தயம்னு எப்படி சொல்றது.

அண்ணன் இப்ப நல்லா இருக்கான், பரிதாபப்பட வேணாம். அதே கிடங்குல சூப்பர்வைசர், ஒரு பொண்ணு. அவ பொறந்ததே அங்கதான், தசமமெல்லாம் இல்ல. அவ ஸ்கூல் ஃபார்ம அவனே நிரப்பறான், எழுத்துப்பிழை இருக்கான்னு ஃபோட்டோ எடுத்து எனக்கு அனுப்பறான், இருந்ததே இல்ல.

போன வாரம் அப்பாவுக்கு ஃபோன் பண்ணி அந்த 2021 கட்டுரையப் பத்தி சொன்னேன். எனக்கே தொண்ட அடைச்சுக்கிச்சு, எப்படி சொல்றதுன்னு தெரியாம சுத்தி வளைச்சு சொன்னேன், அப்பா, உங்கள மாதிரி வந்தவங்களோட சம்பளத்த வெச்சு உங்கள அளந்தது தப்புன்னு பெரிய பெரிய ஆளுங்க கணக்குப் போட்டு நிரூபிச்சிருக்காங்க, லட்சக்கணக்கான பேரோட பதிவ எடுத்து பாத்திருக்காங்க, நீங்க நின்ன எடம் உங்க எடமே இல்லயாம்னு. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அழறாரோன்னு நினைச்சேன்.

"அந்த சம்பளக் கணக்குல ஓவர்டைம் சேத்தாங்களாம்மா?"ன்னு கேட்டாரு.